சூடம் அணைத்து வாங்கிய பூனை

எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி என்னை ஏமாற்றியது ஒரு பூனை விஷயத்தில். சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். நிலமா, நகையா, பூனைதானே என்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது நான் இலங்கையில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பூனை என்னிடம் இருந்தது. தொழிற்சாலை மாடியில், கொழுந்து வாடப்போடும் தட்டுகளுக்கு நடுவே குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்தேன். செம்பட்டை நிறம், வால் நுனி மட்டும் கொஞ்சம் கோணல். அதற்குப் பேர் வைக்கவில்லை. ஒரே பூனை இருக்கிற வீட்டில் பேர் எதற்கு? வேலை முடிந்து நான் வரும்போது வாசல் மதிலில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கத்தும். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்பது போல இருக்கும்.

"மூத்த சம்சாரம் ஒண்ணு இருக்குன்னு பொண்ணு கேட்டு வந்தப்போ நீங்க சொல்லவே இல்லையே" என்பாள் என் மனைவி.

மனிதர்களிடம் அது பரம சாது. இன்னொரு பூனை கண்ணில் பட்டால்தான் பேய் பிடித்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பூனை ஏதாவது வேலியோரம் போனாலும் பாய்ந்து உருட்டிவிட்டுத்தான் வரும். குட்டி, கிழடு என்ற தயவு தாட்சண்யம் கிடையாது. எங்கள் வீடு தனியாக ஒரு மேட்டில் இருந்ததால் அது வரைக்கும் பெரிய வம்பில்லை.

வம்பு வந்தது எனக்கு வேலை உயர்ந்தபோது. அரிசி ஸ்டோர் பொறுப்பை எனக்குக் கொடுத்தார் தோட்டத்தை நடத்தும் துரை. பெரிய கங்காணிதான் எனக்காக அவரிடம் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. ஸ்டோரை ஒட்டியே வீடு. ஸ்டோரில் எலிக்காகத் தோட்டம் வளர்த்த பூனைகள் இரண்டு இருந்தன. நாங்கள் குடிபோன மூன்றாம் நாள் அதில் ஒன்றின் காது கிழிந்து தொங்கியது. மற்றது உத்தரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. கீழே எலிகளுக்குக் கொண்டாட்டம். ஓட்டை விழுந்த மூட்டைகளைத் துரை பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"ஒண்ணு பூனை, இல்லாட்டி ஸ்டோரு. ரெண்டையும் கட்டிக்கிட்டு அழ முடியாதுங்க" என்றாள் மனைவி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நான் ஒரு மாதம் தள்ளினேன்.

அப்போதுதான் பெரிய கங்காணி வீடு தேடி வந்தார். "எங்க வீட்டுல பூனை வாடையே கெடையாதுங்க கணக்கப்புள்ள. பொட்டியில வச்ச சீலையெல்லாம் எலி கடிச்சுப் போட்டிருச்சு. நம்மகிட்ட குடுங்க, புள்ள மாதிரி பாத்துக்கிறோம்."

நான் இரண்டே இரண்டு விஷயம் கேட்டேன். வேறு பூனை இருக்கிற இடத்தில் அதை விடக்கூடாது. வேண்டாம் என்றால் என்னிடமே திருப்பித் தர வேண்டும், அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது. அவர் என்னை மாரியம்மன் கோயிலுக்கே அழைத்துப் போனார். சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "ஆத்தா மேல சத்தியம்" என்றார். பூனைக்காக இவ்வளவு பெரிய மனிதரைச் சத்தியம் பண்ண வைத்துவிட்டோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பூனையைக் கொடுத்தேன். மறுவாரம் எட்டிப் பார்த்தேன். அவர் வீட்டு அடுப்படியில் சுருண்டு கிடந்தது. நிம்மதியாகத் திரும்பினேன்.

சூடம் அணைத்து இரண்டு வாரத்தில் இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வந்தது. அன்று காலையில் கங்காணிமார் எல்லாரும் தப்பு அடித்துக்கொண்டு, மாலையும் வரிசைத் தட்டும் ஏந்தித் துரையின் பங்களாவுக்குப் போவது வழக்கம். நானும் போனேன். அன்னாசி, வாழைப்பழம், கற்கண்டு என்று தட்டுகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகப் பெரிய கங்காணி ஒரு பிரம்புக் கூடையைத் துரையின் மனைவி துரைசாணியின் காலடியில் வைத்து, மேலே கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார். உள்ளே என் பூனை. கழுத்தில் செவ்வந்திப் பூ கட்டியிருந்தார்கள்.

துரைசாணியின் மடியில், அப்புத்தளை வரை ரயிலில் வந்து இறங்கிய சீமைப் பூனை வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பூனையை அறியாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை.

"பங்களாவுல எலித் தொல்லைன்னு அம்மா தீவாளிக்கே சொன்னாங்க. அன்னைக்கே மனசுல முடிச்சுப் போட்டு வச்சுட்டேன் தொரை. தோட்டத்துலயே நல்ல எலிப் பூனையாத் தேடிக் கொண்டாந்திருக்கேன்" என்றார் பெரிய கங்காணி.

தீபாவளி என்றால் சூடம் அணைப்பதற்கு ரொம்ப முன்பு. ஆத்தா மேல் கை அடித்தபோதே அவருக்கு இந்தக் கூடை தெரியும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். என் தேங்காயை என் கண் முன்னாலேயே உடைத்தான் அந்த மனிதன்.

பூனை கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஒரு முறை கத்தியது, மதிலில் இருந்து கத்துவது போலவே. எல்லாரும் சிரித்தார்கள்.

துரையும் சிரித்தார். "ஏய் கணக்கப்புள்ள, உன்னைப் பாத்து கத்துது. உன் பூனையா?"

ஆமாம் என்றால் வருஷப் பிறப்பன்று தோட்டமே பார்க்கப் பெரிய கங்காணியின் மானம் போகும். எனக்காகப் பேசி வாங்கிக் கொடுத்த வேலையைப் பேசியே பிடுங்கவும் அவருக்குத் தெரியும். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேனா, பிற்பாடு யோசித்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இல்லீங்க தொரை" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆள் பேர் கூப்பிடும்போதே செய்தி வந்துவிட்டது. இரண்டும் கட்டிப் புரண்டதில் சீமைப் பூனைக்குக் கண்ணோரம் கிழிந்துவிட்டதாம். செம்பட்டையைச் சாக்கில் கட்டி ஓடையில் போடச் சொல்லித் துரை உத்தரவாம். பேர் பதிந்து முடிக்காமல் களத்தை விட்டு அசையவும் முடியாது.

பேர் பதிந்து முடித்து வீட்டுக்கு ஓடி வந்தபோது மனைவி இல்லை. சற்று நேரத்தில் கூடையும் கையுமாக வந்தாள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கேள்விப்பட்டு, குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பங்களாவின் பின்கட்டுக்குப் போயிருக்கிறாள். சமையற்காரரிடம், "எங்க பூனைங்க. தப்பு எங்க மேலதான், குடுத்துருங்க" என்று கேட்டிருக்கிறாள். தொல்லை விட்டது என்று அவரும் கொடுத்துவிட்டார். அதற்காக யாரும் எங்கள் தலையை வாங்கவில்லை, வேலையும் போகவில்லை.

"நேத்து நீங்க அங்கதானே நின்னீங்க? ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

சொன்னதைச் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. பூனைக்குச் சோறு பிசைய உட்கார்ந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே ஹல்துமுல்லைக் கடைத்தெருவுக்கு அதைக் கொண்டுபோய், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியின், பூனையே இல்லாத பலசரக்குக் கடையில் விட்டுவிட்டு வந்தாள். அவர் சத்தியமெல்லாம் பண்ணவில்லை. சரி தங்கச்சி என்றாராம், அவ்வளவுதான்.

பெரிய கங்காணியைக் கேட்க வேண்டியதை நான் ஒரு வாரம் மனப்பாடம் பண்ணினேன். பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்குப் போனபிறகு மறித்து நின்றேன்.

"ஆத்தா முன்னாடி சூடம் அணைச்சீங்களே பெரிய கங்காணி. என் பூனைய எப்படிங்க கொண்டுபோய் அங்க குடுக்க மனசு வந்துச்சு? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!"

அவர் வெற்றிலையை நிதானமாகத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். "ஒங்க பூனையா? தொரை அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டாரே, இல்லன்னு சொன்னது யாருங்க கணக்கப்புள்ள? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூடையோட ஒங்க கையில குடுத்திருப்பேனே."

பச்சைப் பொய். கொடுத்திருக்க மாட்டார். ஆனால் இல்லை என்று சொன்னது நான்தான். பூனையை வாங்கிக்கொண்டது போதாதென்று, அதற்காகக் கோபப்படும் உரிமையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு நான் கடைக்குப் போனேன். மாவு மூட்டை மேலிருந்து அது என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை கத்தியது. கடைக்கார நானா நிமிர்ந்து, "ஒங்கட பூனைதானே?" என்றார்.

"ஆமாங்க, என் பூனைதான்" என்றேன். கடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.