டாக்டரம்மா சுருட்டி வைத்த பாய்

"ஆவணி. டாக்டரம்மா கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்."

என் பழைய நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. ஆண்டு எழுதியிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் எழுத்தராக இருந்தது எண்பதுகளின் முற்பகுதியில். அதற்குள் ஏதோ ஓர் ஆவணி.

டாக்டரம்மா மனநல மருத்துவம் படித்தவர். வாரம் ஒருமுறை போடியிலிருந்து ஜீப்பில் தோட்டத்து மருந்தகத்துக்கு வருவார். மனம் ஒடிந்தவர்களைப் பாயில் உட்காரவைத்துப் பேசவிடுவார். மூச்சைக் கவனிக்கச் சொல்வார். சில ஆசனங்களும் கற்றுக்கொடுப்பார். "ஊசி போடாத டாக்டருக்கு டீசல் வீணாப் போகுதுண்ணே" என்று ஜீப் ஓட்டுநர் அவர் காதுபடவே என்னிடம் சொல்வார். "வளைவுக்கு வளைவு நீ மூச்சப் பிடிக்கிறியே அப்பு, அதையும் பாக்கத்தான் வர்றேன்" என்பார் டாக்டரம்மா.

அந்தக் கோடையில், ஏலச்செடிக்கு நிழல் தரும் மரமொன்றில் கிளை கழிக்க ஏறிய தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். அவர் மனைவி அங்கேயே ஏலக்காய் எடுப்பவர். அதன்பின் அவரால் தோட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. மரங்களுக்கடியில் போனதும் நெஞ்சு அடைக்கும், திரும்பிவிடுவார். வேலைக்கு வராதவர்கள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து விதி. இரண்டு பிள்ளைகளோடு போக அவருக்கு வேறு இடமில்லை. இந்தக் காய் எடுப்பு முடியும்வரை பார்க்கலாம் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி தவணை சொல்லியிருந்தார்.

மருந்தகத்துக்கும் என் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது அந்தப் பெண் சொன்னது எனக்குக் கேட்டது: "மூச்சு தானா வருதும்மா. தூக்கந்தான் வரல."

தூக்கத்துக்கென்று டாக்டரம்மா சவாசனம் சொல்லிக்கொடுத்தார். மல்லாந்து படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரல்களைத் தொட்டு பாதங்களைத் தளர்த்தப் போனார். அந்தப் பெண் விருட்டென்று எழுந்துவிட்டார்.

"அந்த மனுசன இப்படித்தான படுக்கப் போட்டிருந்தாக. பெருவெரல் ரெண்டயும் சேத்துக் கட்டி."

பிறகு டாக்டரம்மாவின் குரல்: "நான் யோசிக்காமப் போயிட்டேன் தாயி. நீ எப்பவும் எப்படிப் படுப்ப?"

"ஒருக்களிச்சு. அந்தப் பக்கம் அவரு படுப்பாரு."

அன்றுதான் பாய் மூலைக்குப் போனது.

அதன்பின் இருவரும் நடந்தார்கள். லயத்திலிருந்து தோட்டத்து வேலி வரை, பிறகு முதல் ஓடை வரை. "பாதத்துல ஈர மண்ணு படுதுல்ல, அத மட்டும் பாரு. முடியலன்னா சொல்லு, திரும்பிருவோம்" என்பார் டாக்டரம்மா. பல வாரங்கள் திரும்பித்தான் வந்தார்கள். தவணை முடியப்போவது டாக்டரம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் ஒருநாளும் வேகப்படுத்தவில்லை. மனத்தை ஆற்றுவது பற்றிப் பின்னாளில் எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த நடையைப்போல எனக்கு விளங்கவைத்தது எதுவுமில்லை.

கடைசிச் சுற்றுக் காய் எடுக்கும் சமயம், எடை பார்க்கப் போன நான் அவர்களைக் கணவர் விழுந்த அந்த மரத்தருகே கண்டேன். அந்தப் பெண் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா பக்கத்தில் நின்றார். அந்தப் பெண்ணின் பார்வை மரத்தடியில் புதராக நின்ற ஏலத்தூரில் இறங்கியது. சரம் சரமாகக் காய் பழுத்து வெடித்துக் கிடந்தது.

"எவளும் இதத் தொடல போலயே. பாழாப் போகுது பாருங்க" என்று முணுமுணுத்தபடி குந்தி உட்கார்ந்து, முந்தானையில் காய் பறித்துப் போட ஆரம்பித்தார். மறுவாரம் கூடையோடு வந்தார். வீடு அவருக்கே நின்றது.

இப்போது போடியில் ஒரு யோகா வகுப்புக்குப் போகிறேன். கடைசியில் எல்லோரும் பாயில் மல்லாந்து படுப்பார்கள். நான் மட்டும் ஒருக்களித்துக்கொள்வேன். "அதுக்குள்ள தூக்கமா சார்?" என்று ஆசிரியர் கேலி செய்வார். நானும் சிரித்துவைப்பேன்.

ஒன்றை மட்டும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அந்த ஒரு தூரை மட்டும் பறிக்காமல் விட்டுவைக்க டாக்டரம்மா சொல்லியிருந்தாரா? கங்காணியிடம் அப்போதே கேட்டேன். "ஒஞ் சோலியப் பாரு மாப்ளே" என்றார். டாக்டரம்மாவிடம் நான் கேட்கவில்லை.