ஆசான் திரும்பாத வாரம்

குமுதாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, அரசாங்க உதவித்தொகையில் ஒசாக்காவுக்குப் போய் இயந்திரவியல் படித்தவள். ஜப்பானிய நிறுவனமொன்றின் லண்டன் கிளையில் வேலை கிடைத்து வந்து, விம்பிள்டனில் சின்ன ஃப்ளாட் ஒன்றை வாங்கித் தனியாகத் தங்கிவிட்டாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் அவளைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது.

அவர்களுக்குத் தெரியாத பெரிய விஷயம் இதுதான். இளம் நிஞ்சா ஒருவனைப் பற்றிய பிரபலமான ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரை, புத்தகம் ஆங்கிலத்தில் வருவதற்கு முன்னாலேயே இணையத்தில் ஏற்றிய ரகசியக் குழுவில் குமுதாவும் இருந்தாள். புதன்கிழமை ஜப்பானிலிருந்து யாரோ பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். வேலை முடிந்து வந்து, தேநீர் போட்டுக்கொண்டு, அவள் வசனங்களை மொழிபெயர்ப்பாள். கனடாவில் இருந்த ஒருவன் அவற்றைப் படங்களின் பேச்சுக் குமிழிகளுக்குள் பொருத்துவான். வெள்ளிக்கிழமை உலகமே படிக்கும். படித்த ஜப்பானிய மொழி மறந்துவிடக் கூடாது என்று தொடங்கியது. பிறகு விட முடியவில்லை.

2007 அக்டோபரில் குழுவின் முகவரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. “இந்த வாரம் ஆசான் உயிரோடு இருக்கிறாரா? அது மட்டும் சொன்னால் போதும்.”

ஆசான் என்றால் கதையின் நிஞ்சாப் பையனுக்கு வித்தை சொல்லிக்கொடுத்தவர். இருக்கிறார் என்று குமுதா பதில் போட்டாள். மறு வாரமும் அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும். கதையில் ஆசான் பனிமலை தாண்டி எதிரியின் ஊருக்குத் தனியாகப் புறப்பட்ட வாரம், கேள்வி மாறிவிட்டது. “ஏன் அவரைத் தனியாகப் போக விட்டீர்கள்?”

கதையை எழுதுவதே அவள்தான் என்பது போல. குமுதா அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொன்று வந்தது. “ஆசான் செத்தால் என் தம்பியும் முடிந்தான்.” ‘தம்பி’ என்ற சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் பக்கங்கள் வந்தன. ஆசான் பனியில் கிடந்தார், மார்பில் ஈட்டி. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வரி: அவர் திரும்பவில்லை.

படத்தில் அவர் முகம் பனியில் மறைந்திருந்தது; ஆனால் மூல வசனத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு சொல்லைக்கூடத் திரித்ததில்லை. அன்றைக்கு ஈட்டி பற்றிய வசனத்தை மழுப்பினாள். கடைசி வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து, “அவர் இன்னும் திரும்பவில்லை” என்று கனடாவுக்கு அனுப்பினாள். மின்னஞ்சல் எழுதிய ஆளுக்கு இன்னும் ஒரு வாரமாவது நம்பிக்கை கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. “இன்னும் திரும்பவில்லை என்றால் திரும்புவார். நன்றி. என் தம்பியைத் தேடி நானும் போகிறேன். செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு விமானம்.”

குமுதா அலுவலகக் கழிப்பறையில் போய் நின்றுகொண்டாள். இலங்கையில் போர் மறுபடி மூண்டு, கொழும்பில் வடக்கிலிருந்து வந்த தமிழ் இளைஞர்கள் காணாமல் போவதாக வாரந்தோறும் கேள்விப்பட்ட காலம் அது. திரும்பி வந்து, ஆங்கில எழுத்திலேயே தமிழில் எழுதினாள். “நானும் தமிழ்தான். நீங்க போறதுக்கு முன்னால உங்களைப் பார்க்கணும்.”

ஞாயிறு காலை லூயிஷாமில், சிவன் கோவிலுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை ஒன்றில் சந்தித்தார்கள். பெயர் நித்தியானந்தன். முப்பத்து நாலு வயது. பாரிசில் பத்து வருடம் சமையல் வேலை செய்து, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவன். குமுதா சின்னப் பையன் ஒருவனை எதிர்பார்த்து வந்திருந்தாள்.

“நானும் தம்பி தயாபரனும் பாரிசில இந்தப் புத்தகத்தைப் பிரெஞ்சில சேர்ந்துதான் வாசிச்சனாங்கள் அக்கா” என்றான். “அவன் கலியாணம் கட்ட எண்டு சமாதான நேரத்தில கிளிநொச்சிக்குப் போனவன். ஏர்போட்டில வைச்சு, ஆசான் இருக்கும் மட்டும் எனக்கும் ஒண்டும் நடக்காது அண்ணை எண்டு சிரிச்சவன். பிறகு சண்டை தொடங்கி, வடக்குப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். தை மாசத்துக்குப் பிறகு போனும் இல்லை.”

குமுதா கோப்பையை நகர்த்தி வைத்தாள். “நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த ‘இன்னும்’ கதையில இல்ல. நானா போட்டேன்.”

“அப்ப?”

“அவர் செத்துட்டாரு.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே அர்ச்சனைத் தட்டோடு ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை அவன் திரும்பவில்லை.

“ஏன் அக்கா பொய் எழுதினீங்கள்?”

“நீங்க ஏதாவது செஞ்சுக்குவீங்களோன்னு பயந்தேன்.”

“நான் சாகிறதுக்குக் கேக்கேல்லை” என்றான். “போறதா விடுறதா எண்டு தெரியாமல் கேட்டனான்.”

“இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. போகாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“ஏலாது அக்கா. போறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன். அவ நேற்றுத்தான் சோறு சாப்பிட்டவ.”

செவ்வாய்க்கிழமை அவன் போனான். புதன்கிழமை வழக்கம்போல் அடுத்த பக்கங்கள் வந்தன. ஆசானின் ஈமச்சடங்கு. பையன் அழாமல் நிற்கிறான். குமுதா அவற்றை மொழிபெயர்க்கவில்லை. இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவுக்கு எழுதினாள். போன வாரத்து வரி தவறு என்று ஒரு திருத்தத்தையும் அனுப்பினாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. புறப்படுமுன் அவன் தந்த கொழும்புத் தொலைபேசி எண்ணில் பேசிய பெண் ஒவ்வொரு முறையும், “அப்படி ஒருத்தரும் இங்க இல்லை” என்று சொல்லி உடனே வைத்தாள். நாலாவது முறை அந்த எண்ணே வேலை செய்யவில்லை. குமுதாவுக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள்.

ஜனவரியில், பாரிஸ் எண் ஒன்றிலிருந்து அவனே அழைத்தான். குரல் கிழடு தட்டியிருந்தது.

“கிளிநொச்சிக்குப் போற வழியில, வவுனியாவுக்கு இந்தப் பக்கத்திலயே ஒரு செக்பொயின்ரில ஆமிக்காரர் பஸ்ஸில இருந்து இறக்கிப்போட்டாங்கள். ஒன்பது நாள் வைச்சிருந்தவங்கள். பிரெஞ்சுப் பாஸ்போட்டாலதான் விட்டது.”

“அடிச்சாங்களா?”

“அதை விடுங்கோ.”

“தம்பி?”

“ஒரு தகவலும் இல்லை.” பிறகு சொன்னான்: “அக்கா, உங்களில கோவம் இல்லை. நான் எப்பிடியும் போயிருப்பன். ஆனா இனி எழுதாதேங்கோ, போன் பண்ணாதேங்கோ. உங்கட பேரைப் பாத்தா அந்தக் கிழமைதான் ஞாபகம் வருது.”

“சரி” என்றாள் குமுதா.

அவள் வாக்கைக் காப்பாற்றினாள். 2009 வசந்தத்தில், போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு எதிரே தமிழர்கள் வாரக்கணக்கில் திரண்டு நின்றபோது, மத்தியான இடைவேளையில் நிலத்தடி ரயில் ஏறி அங்கே போய்வந்தாள். பாரிசிலிருந்தும் பஸ்களில் ஆட்கள் வந்திருந்தார்கள். தம்பிகளின், மகன்களின் படங்களை நெஞ்சோடு பிடித்து நின்றவர்களின் நடுவே அவன் முகம் இருக்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆறு நாள் போனாள். ஏழாம் நாள் மழை. அன்றும் குடை எடுத்துக்கொண்டு போனாள்.