இம்தியாஸின் கைகள்

எடமலைப்பட்டி புதூரில் ரேஸ் கார் எஞ்சின் வேலைக்கென்று இருந்தது ஒரே ஒரு பட்டறைதான். அதை நடத்தியது புருஷனும் பொண்டாட்டியுமாக இம்தியாஸும் ஷஹனாஸும். அவன் கார்புரேட்டர் ஆள். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, சத்தத்தைக் கேட்டே பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவான். இஞ்சினியரிங் படித்த அவளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

"வளைவுல வேகமாத் திரும்புனா கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்க பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிடுதுங்க. எஞ்சின் இருமுது. இன்ஜெக்‌ஷன்ல கம்ப்யூட்டர் அளந்து விட, பம்பே பெட்ரோலை அழுத்தித் தள்ளும், அந்தப் பேச்சே இல்ல."

"லேப்டாப் இல்லாம ரிப்பேர் பண்ண முடியாத எஞ்சின் எனக்கு எதுக்கு?" என்பான் அவன்.

கோயம்புத்தூர் ரேஸில் மூன்றாவது வளைவில் வண்டி இருமி நின்று, பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போன பிறகுதான் அவள் சொன்னதற்குச் சம்மதித்தான். பம்ப், குழாய் எல்லாம் அவன் மாட்டினான். கம்ப்யூட்டர் வேலை அவளுடையது.

சோதனை செய்த அன்று அவள் டிரைவர் சீட்டில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். இம்தியாஸ் திறந்த பானெட்டுக்குள் குனிந்து, "இன்னும் கொஞ்சம் மிதி" என்றான். மிதித்தாள். படீரென்று ஒரு சத்தம். சூடான சைலன்சர் குழாய்மேல் பெட்ரோல் பீய்ச்சியடித்துக் குப்பென்று பற்றிக்கொண்டது. தீயணைப்பு சிலிண்டரோடு அவள் ஓடி வருவதற்குள் அவனுடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன.

உயிர் தப்பினான். விரல்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப் போயின. அவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள்.

எரிந்த வண்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெடித்திருந்தது பெட்ரோல் போகும் குழாய், கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ். இன்ஜெக்‌ஷன் பம்பின் அழுத்தத்தை அது எப்படித் தாங்கும்?

"புது ஹோஸ் மாட்டலையா நீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். "சென்னையிலேருந்து வரலை. ஒருநாள் தாங்கும்னு நெனச்சேன். அத்தாகிட்ட சொல்லிடாதே" என்றான், அப்பாவுக்குப் பயந்து.

சொல்லவில்லை. பாலக்கரைச் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோதெல்லாம் மாமியார் ஜஹானாரா, "நல்லா ஓடுன வண்டியில கம்ப்யூட்டரை வச்சு எம்புள்ளை கையை எரிச்சுட்டா" என்று அழுதாள். இம்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மாமனார் முஜிபுர் ரஹ்மான் முடிவாகச் சொன்னார்: "பட்டறையை மூடிடலாம்மா. நீ கை வச்சது போதும்."

ஷஹனாஸ் கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"எரிஞ்சது என் கம்ப்யூட்டரால இல்ல மாமா. அவங்க பழைய ஹோஸையே விட்டுட்டாங்க. கேட்டுப் பாருங்க."

பெரியவர் மகனைப் பார்த்தார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. பட்டறைப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அன்றோடு இம்தியாஸ் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

இப்போது பட்டறை அவள் ஒருத்தி பொறுப்பில். ஸ்ரீரங்கத்திலிருந்து வளவன் என்றொருவர் போன வாரம் ரேஸ் வண்டி கொண்டுவந்தார். இன்ஜெக்‌ஷன் மாற்ற வேண்டுமாம். ஒவ்வொரு குழாயையும் தானே இழுத்துப் பார்த்துத்தான் எஞ்சினை முடுக்கினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உள் அறையில் ஜஹானாரா மகனுக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். ஷஹனாஸ் கைகழுவிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள்.