ரெஜினா மேடத்தின் மாங்கூழ் ஆலை

ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பொம்மிடியிலிருந்து அவருடைய தம்பி மகன் பேசினான். "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க சார். மொதல்ல உங்களுக்குச் சொல்லச் சொல்லி அப்பா சொன்னாரு." வாயில் நுரையோடு "சரிப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இனி யாரோடு சண்டை போடுவது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைத் துறைத் தலைவராகத்தான் அறிவீர்கள். நான் சொல்லப்போவது எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ரெஜினாவைப் பற்றி. தர்மபுரியில் எங்கள் கல்லூரியில் நான் புள்ளியியல் ஆசிரியர். அவர் வணிகவியலில் தற்காலிக விரிவுரையாளர். விவசாயக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் அவரிடம் நேராகவே சொல்லியிருந்தது. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், மனிதர்கள் கூடி வேலை செய்யும்போது தலைமை எப்படி உருவாகிறது என்பது. அதை ஆராய அவர் தேர்ந்தெடுத்த வழி ஒரு விளையாட்டு.

ஒரு நாள் ஆசிரியர் அறை மேசையில் பெரிய அட்டையை விரித்தார். வெளிநாட்டில் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆடும் ஆட்டமாம். அதை நம் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி, ஒரு மாங்கூழ் ஆலையாக ஆக்கியிருந்தார். ஒருவர் மாங்காய் வாங்க வேண்டும், ஒருவர் ஆலையை ஓட்ட வேண்டும், ஒருவர் விற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு எடுத்தாக வேண்டும். 'மழை இல்லை' என்று வரும். 'தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது' என்றும் வரும். கடைசி முடிவு குழுத் தலைவருடையது. முதல்வர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, காலேஜுக்கு வெளையாட வர்றீங்களா?" என்றார். "ஆமாங்க சார். மனுசங்க நடிக்க மறந்துபோற எடம் அது ஒண்ணுதாங்க" என்றார் இவர். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. கணக்குப் போட்டுத் தருகிறேன் என்று நானாகவே போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஓர் அலுவலகத்தில் ஆட வைத்தோம். தலைவர் யார் என்று கேட்கவே தேவையில்லை. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. டீ வருவதற்குள் ஆலையை இழுத்து மூடிவிட்டார் மனிதர். அப்போதும் பக்கத்திலிருந்த குமாஸ்தா, "சார் எடுத்த முடிவு சரிதாங்க, சீட்டுதான் சரியில்ல" என்றார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ரெஜினா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சிக்கல் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் வந்தது. அங்கே ஆட வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். "ஒருத்தரத் தலைவரா வச்சுக்குங்க" என்றார் ரெஜினா. மாதம்மா என்ற பெண், "மொத மொற யாருதுங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. "எங்க பங்குக் கெணத்துல அப்படித்தானுங்க. ஒருத்தரே எல்லா நாளும் தண்ணி பாச்சுனா மத்தவங்க காடு என்னாத்துக்கு ஆவும்?" என்றார். பல குடும்பங்களுக்குச் சொந்தமான கிணற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் முறை. அன்றைக்கு அந்தக் குடும்பம் சொன்னதுதான் சட்டம். மற்றவர்கள் உதவிக்கு வருவார்கள். ஆட்டத்தையும் அப்படியே ஆடினார்கள். சுற்றுக்குச் சுற்று தலைவர் மாறினார். செல்வி என்ற புது மருமகளின் முறையில் லாரி கவிழ்ந்து பெரிய நட்டம். நான் சண்டையை எதிர்பார்த்தேன். "அவ மொறையில லாரி சாஞ்சா அவ என்னா பண்ணுவா? ஊடு பத்திக்கிட்ட மாதிரி மூஞ்ச வச்சுக்காத புள்ள" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கோ எரிச்சல். ஒரு குழுவுக்கு ஒரு தலைவர் என்பது ஆட்டத்தின் விதி. தலைவர் மாறிக்கொண்டே இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? பக்கத்து ஊர்ச் சங்கங்களிலும் இதே கதைதான். சென்னையில் இருந்த ரெஜினாவின் ஆய்வு நெறியாளரும், "அந்தக் குழுக்கள் செல்லாது. நீக்கிவிட்டுக் கொடுங்கள், இந்த வருடமே பட்டம்" என்று சொல்லிவிட்டார். பதிவுக்காலம் முடியப்போகிறது. நானும் அதையே சொன்னேன். கணக்குப்படி நான் சொன்னது தப்பில்லை என்று இன்றும் வாதாடுவேன்.

நெறியாளரைப் பார்க்கச் சென்னைக்குப் போக, பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ரெஜினா சொன்னார்: "சார், கட்டத்துக்குள்ள நிக்கலன்னு ஆளுங்கள வெட்டிட்டா, அப்புறம் மனுசங்க கூடி வேல செய்யறதப் பத்தி ஆராய்ச்சி பண்ணேன்னு எப்படிங்க சொல்றது?" வேலை போய்விடுமே என்றேன். "பயமாத்தான் இருக்குது. அதுக்காக அவங்க ஆடுன ஆட்டத்த ஆடலன்னு என்னால எழுத முடியாதுங்க சார்" என்றார். நெறியாளரிடம் மன்றாடி ஒரே ஒரு வருட நீட்டிப்போடு திரும்பி வந்தார்.

அந்த வருடம் முழுக்க அவர் செய்தது ஒன்றுதான். முறை வைத்து ஆடுவதையும் ஆட்டத்தின் ஒரு விதியாக்கி, பழைய குழுக்கள் எல்லாவற்றிடமும் மறுபடி போனார். அதே அலுவலகத்தில் இந்தத் தடவை தட்டச்சுப் பெண்ணுக்கும் ஒரு முறை வந்தது. அதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த முறை தன்னுடையது, ஆலை மூழ்கினால் தன் தலையில்தான் விடியும் என்று புரிந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டு அந்தப் பெண்ணுக்கு உதவ ஆரம்பித்தார். அந்த ஆலை கடைசிச் சுற்றுவரை ஓடியது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. சில இடங்களில் கூச்சலும் குழப்பமும்தான். அதையும் மறைக்காமல் எழுதினார். தலைமை என்பது ஓர் ஆளின் குணம் என்று தொடங்கிய ஆய்வேடு, அது ஒரு கூட்டத்தின் பழக்கமாகவும் இருக்கலாம் என்று முடிந்தது. நீக்கச் சொன்ன குழுக்களைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் தேர்வாளர்கள் அதிகம் பாராட்டினார்கள்.

பட்டம் உறுதியானதும் அவர் முதலில் போனது அந்தப் பால் சங்கத்துக்குத்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெண்கள் பால் ஊற்ற வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் என்ன சொன்னார்கள் என்று ரெஜினா மூச்சுவிடாமல் விவரித்தார். மாதம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க. உங்க வேல நெலச்சுதுங்களா?" என்றார். நிலைத்துவிட்டது என்று தலையாட்டத்தான் ரெஜினாவால் முடிந்தது. பால் கேன்களுக்கு நடுவே நின்று ஓவென்று அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவர் துறைத் தலைவராகி எத்தனையோ பேருக்கு நெறியாளராக இருந்த கதையை உங்களில் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். நான் கணக்குக்காரன், பொருந்தாததைக் கண்டால் கை தானாகக் கோடு போட்டு அடிக்கப் போகும். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் தங்கள் ஆய்வைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு குழு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பார்கள், நீக்கிவிடலாமா சார் என்பார்கள். நீக்கு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, "இன்னொரு தடவை அந்த ஊருக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள்" என்கிறேன். முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரும்போது, அங்கே கண்டதைச் சொல்லப் பெரும்பாலும் ஓடி வருகிறார்கள்.