லவ்ரிட்ஸ் கடைசியாக வரைந்த மீன்

கோபன்ஹேகனில், பேராசிரியர் வேடலின் மீன் புத்தகத்துக்கு வண்ணம் தீட்ட நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். கறுப்புக் கோடுகளாக அச்சாகி வரும் தாள்களுக்கு, மாதிரியைப் பார்த்துத் தூரிகையால் நிறம் கொடுக்க வேண்டும். எங்களில் நல்ல கைக்காரி சிட்செல். அந்த மீன்களை வரைந்தவன் அவள் தம்பி லவ்ரிட்ஸ். தென்கடல் ஆராய்ச்சிக் கப்பலில் ஓவியனாகப் போனவன், வழியில் காய்ச்சல் கண்டு இறந்தான். உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

அவன் வரைந்த அறுபத்தொரு மீன்களில் கடைசி மீனுக்கு மட்டும் வண்ணம் இல்லை. வெறும் பென்சில் கோடு. கை நடுங்கியிருந்தது தெரிந்தது. அந்த மீன் சாராய ஜாடியில் ஊறிப் பழுப்பாகி வந்திருந்தது.

"இதுக்குப் பழுப்பு அடிச்சிடுங்க" என்று ஜாடியை மேசைமேல் வைத்தார் பேராசிரியர்.

சிட்செல் எழுந்து நின்றாள். "ஐயா, இது நீல மீன். தம்பி எழுதியிருக்கான்."

வேறொரு கப்பலில் வந்துசேர்ந்த அவனது கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். 'மேலே வந்தப்ப முதுகெல்லாம் நீலம், வயித்துல மூணு ஆரஞ்சுக் கோடு. நான் வண்ணம் குழைக்கிறதுக்குள்ள செத்து வெளுத்துப்போச்சு. ஜாடியைப் பாத்து யாரும் ஏமாற வேண்டாம், அக்கா.'

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "காய்ச்சல்ல கிடந்தவன் எழுதினதும்மா. அதை வச்சு நான் நீலம் போட்டா நாலு ஊர்ல சிரிப்பாங்க. ஜாடியில இருக்கிறதுதான் எனக்குச் சாட்சி."

மறுநாள் அவள் ஒரு தாளுக்கு நீலமும் ஆரஞ்சும் தீட்டினாள். "சாதா ஹெர்ரிங் மீனுக்குக் கல்யாண உடுப்பு மாட்டிட்டியாடி?" என்று கேலி செய்த போடில் என்பவள்கூட, கிட்டே வந்து பார்த்ததும் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். பேராசிரியர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இருநூற்று நாற்பது பிரதிகள், எல்லாம் பழுப்பில்தான். "உன் பங்கையும் நானே அடிச்சிடறேன், விடு" என்றேன் சிட்செலிடம்.

"வேணாம். நீ கெட்டியா அடிப்ப. அவன் கோடு மறைஞ்சிடும்."

தண்ணீர் போன்ற பழுப்பில், ஒவ்வொன்றையும் அவளே தீட்டி முடித்தாள்.

மூன்று வருடம் கழித்து, அதே கடலுக்குப் போய்வந்த கப்பல் மருத்துவர் ஒருவர் அந்த மீனை உயிரோடு வைத்து வரைந்து கொண்டுவந்தார். நீல முதுகு, மூன்று ஆரஞ்சுக் கோடு. பேராசிரியரே அதை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"உன் தம்பி சொன்னதுதான் சரிம்மா."

"அப்ப மாத்திடுவீங்களா ஐயா?"

அவர் தரையைப் பார்த்தார். "எப்படி மாத்துறது? புத்தகம் நாடுநாடாப் போய்ச் சேந்தாச்சு. லத்தீன்ல 'பழுப்பன்'னு பேரும் வச்சாச்சு. விஞ்ஞானத்துல முதல்ல வச்ச பேர்தான் நிக்கும். என்னாலயே இனி மாத்த முடியாது."

சிட்செல் ஓவியத்தை ஜன்னலோரம் கொண்டுபோனாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவன் நீலம்னு மட்டுந்தான் எழுதினான்" என்றாள் மெல்ல. "இந்த நீலம்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் போட்டதும் தப்புதான்டி."

பேராசிரியர் கை நீட்டினார், கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் நண்டுப் புத்தகத்தின் தாள்கள் வந்தன. சிட்செல் வரவில்லை. ரோஸ்கில்டே என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் ரிப்பன் வெட்டப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.