செல்லக்கிளிக்கு நான் கொடுத்த நோட்டீசு

செல்லக்கிளியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் அவள் சுறுசுறுப்பைச் சொல்வார்கள், அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பைச் சொல்வார்கள். நான் அவளுக்கு நோட்டீசு கொடுத்தவள். அதனால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மந்தாரக்குப்பத்தில் எனக்கு ஓட்டு வீடு ஒன்று உண்டு. இட்லி அவித்து விற்றுக் கட்டினது. முன்பக்கம் நான் இருந்தேன். பின்பக்கம் ஓர் அறையும் அதை ஒட்டிச் சரிவாக இறக்கின சாய்ப்பும் வாடகைக்கு. எழுபத்தெட்டில், ஐப்பசி மழையோடு அங்கே செல்லக்கிளியும் அவள் புருஷன் ராஜாங்கமும் குடிவந்தார்கள். கம்மாபுரம் பக்கத்து ஆட்கள். எங்களைப் போலவே கூலிக்கு நாற்று நட்ட சனம். அவர்கள் நட்டுவந்த நிலம் சுரங்கத்துக்குப் போனபோது நிலத்துக்காரருக்கு ஏதோ கிடைத்தது. நட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. ராஜாங்கம் மைன்சில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் லிஸ்டில் அப்போதுதான் பெயர் வந்திருந்தது. செல்லக்கிளி அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். சொன்னால் கலைந்துபோகும் என்று பயம்.

ஒல்லிப் பெண். நடந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். விடிந்ததும் கூடையோடு போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். "இன்னா வேலைக்குப் போற?" என்றால், "பொறுக்குற வேலைங்க அத்த" என்பாள். சுள்ளி பொறுக்குகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

பங்குனியில்தான் எனக்கு உறுத்தியது. அடிபம்பில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற மாசம். வீட்டில் இருப்பது இரண்டே பேர், பிள்ளைகுட்டி இல்லை. இவளோ தினம் எட்டுக் குடம் தண்ணீரைப் பூட்டிவைத்த சாய்ப்புக்குள் கொண்டுபோகிறாள். வெறுங் குடத்தோடு வெளியே வந்து மறுபடி பூட்டுகிறாள்.

என் அடுப்படிக்கும் அந்தச் சாய்ப்புக்கும் ஒரே சுவர். ஒருநாள் அடுப்பு அணைந்து வெகுநேரம் கழித்து அதில் முதுகைச் சாய்த்தேன். சுவர் கதகதவென்று இருந்தது. வேலம்பட்டை ஊறப்போட்டது போல் ஒரு வாடையும் வந்தது. மதுவிலக்குக் கெடுபிடியாக இருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அந்த வாடைக்கு ஒரே அர்த்தம்தான், சாராய ஊறல்.

அதற்கு முந்தின மாசம் பக்கத்துத் தெருவில் சாராயம் பிடிபட்டபோது, குடியிருந்தவனோடு வீட்டுக்காரக் கிழவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "எழுத்து மூலமா எச்சரிக்கை குடுத்தீரா? இல்லியா, அப்ப நீரும் உடந்தை" என்றார்களாம். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன்.

"சாய்ப்புல இன்னாடி வச்சிருக்க?" என்று அவளையே கேட்டேன்.

"வெறகுதாங்க அத்த."

"வெறகுக்கு எதுக்குடி எட்டு கொடம்? அது இன்னா துளிர்க்கவா போவுது?"

"கரையான் வருதுங்க. தரையில ஊத்தறேன்."

"சாவியக் குடு. நானும் அந்தக் கரையானப் பாக்கறேன்."

"அவரு எடுத்துகினு போயிட்டாருங்க."

சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது. நான் பார்த்தது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் தபாலாபீசு வாசலில் மனு எழுதுகிற சக்கரபாணியிடம் போனேன். வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள், நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அவர் மூன்று தாளில் எழுதி, மூன்றிலும் என் கட்டைவிரலை உருட்டினார். இரண்டைக் கையில் கொடுத்தார். மூன்றாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. படிக்காதவளுக்குக் கேட்கத் தோன்றினால்தானே.

செல்லக்கிளியும் படிக்காதவள். கல்யாணப் பத்திரிகை வாங்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த ராஜாங்கம்தான் அதைப் படித்தான். சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சாய்ப்பைத் திறந்து காட்டினான்.

உள்ளே ஈரச் சாக்கு மூடின குவியல். சாக்கைத் தூக்கினால் மரத்துண்டு மாதிரி பழுப்புப் பழுப்பாகக் கட்டிகள். அதிலிருந்து ஆவி கிளம்பியது.

"மைன்ஸ் கரிங்க அத்த. லாரி ரோட்டுல சிந்தறத இவ பொறுக்கினு வரா. டீக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் குடுக்கறோம். காஞ்சா இது தன்னால சூடேறிப் பத்திக்கும். அதான் நனைச்சிகினே இருக்கறது."

"அத வாயத் தெறந்து சொன்னா இன்னாடா?"

"இதுவும் திருட்டுல சேத்திதாங்க. பர்மனென்ட் ஆகப்போற நேரம், யாருகிட்ட சொல்றது?" தாளின் அடியில் விரலை வைத்தான். "இங்க இன்னா எழுதியிருக்கு தெரியுமா? நகல், காவல் நிலையம்னு. வேலைக்கு ஆளு எப்படின்னு விசாரிக்கற என் வெரிஃபிகேஷன் பேப்பரு அந்த ஸ்டேஷன்லதான் கெடக்குது."

செல்லக்கிளி அழவில்லை. குடத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விடிந்ததும் சக்கரபாணியிடம் ஓடினேன்.

"நகல் போடச் சொன்னனாய்யா நானு?"

"மனுன்னா நகல் இல்லாம எப்படிம்மா? எல்லாருக்கும் போடறதுதான். அப்பதான் எடுப்பா இருக்கும். நேத்தே ஸ்டேஷனுக்குக் குடுத்தனுப்பியாச்சு."

அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு சாமிக்கண்ணு என் தாளைக் கையிலேயே வைத்திருந்தார். திருப்பிக் கேட்டேன். நம்பர் போட்டாகிவிட்டது, தர முடியாது, மதியம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

சாராயம் இல்லை என்று காட்டக் கதவைத் திறந்தால் கரி தெரியும். கரி தெரிந்தால் ராஜாங்கத்தின் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். குளத்தில் கொட்டலாம் என்றாள் செல்லக்கிளி. பட்டப்பகலில் கூடை கூடையாகக் குளத்துக்குப் போனால் ஊர் பார்க்காதா? இட்லிக் கூடையோடு நான் வீடு வீடாகப் போவது மட்டும் யார் கண்ணையும் உறுத்தாது. அடியில் கரி, மேலே ஈரத்துணி. தெருவில் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு கூடை இறக்கினேன். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. எரிக்கக் கரி கிடைத்தால் எங்கள் தெருவில் கேள்வி வராது. செல்லக்கிளி தரையைக் கூட்டிச் சாணி மெழுகினாள்.

ஏட்டு வந்து சாய்ப்புக்குள் குனிந்து பார்த்தார். பிறகு சுவரில் கையை வைத்தார். 

"இன்னாம்மா, செவுரு சுடுது?"

"நெல்லு அவிச்சேங்க. இட்லிக்குப் புழுங்கரிசி வேணுமில்லீங்களா."

"நெல்லு எங்க?"

"மில்லுக்குப் போயிட்டுதுங்க."

"நெல்லு அவிச்சது நீ. சாராயம்னு மனு குடுத்தது யாரு?"

"அதுவும் நான்தாங்க. தண்ணிச் சண்டை. எட்டு கொடம் புடிக்கிறாளேன்னு ஆத்திரம்."

அவர் என்னையும் செல்லக்கிளியையும் மாறி மாறிப் பார்த்தார். "பொய் மனு குடுத்தா உள்ள தூக்கி வைக்கலாம். தெரியுமா?"

"தூக்கி வைங்க. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

அங்கேயே உட்கார்ந்து, விரோதத்தால் பொய் மனு கொடுத்தேன் என்று எழுதிப் படித்துக் காட்டினார். விரலை வைத்தேன். இன்னொரு தரம் இப்படிச் செய்தால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகுதான் பெரிய பயம். அவர் வெரிஃபிகேஷனில் என்ன எழுதுவார்? செல்லக்கிளி பொறுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் பேச்சும் இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அவளும் வாசலுக்கு வருவாள், நானும் வருவேன். ஒருவரையொருவர் பார்க்காமல் உள்ளே திரும்புவோம். தெருவில் எனக்குப் 'பொய்மனு வீராயி' என்று பெயர் வந்துவிட்டது.

ஆனி மாசம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பிறகு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்சும் கிடைத்தது. சாமான் ஏற்றின வண்டி நிற்க, செல்லக்கிளி என் அடுப்படிக்கு வந்தாள்.

"எழுதறதுக்கு முன்னால இன்னொரு தரம் கேட்டிருக்கலாமில்ல அத்த?"

"ஒரு தரம் கேட்டன்டி. நீ பொய் சொன்ன."

"பயத்துல சொன்னங்க."

"நான் மட்டும் தைரியத்துலயா எழுதனன்?"

அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, மாவை ஊற்றி, அந்த ஈடு இட்லியை வேகவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியேறினாள். இப்போதும் வந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போகமாட்டாள். நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.