கோகிலா பேசவைத்த விரல்ரேகைக் கருவி

கோகிலாவின் தம்பி சென்னையிலிருந்து அழைத்தபோது நான் இங்கே தீவில், எங்கள் ஜங்லிகாட் கடையில் ஒரு மடிக்கணினியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா, கோகிலா போயிட்டா" என்றான்.  சிகிச்சை முடிந்து அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். அழுகைக்கு நடுவே எல்லோரும் பேசியது அந்த விரல்ரேகைக் கருவியைப் பற்றித்தான். அவளை அறிந்த உங்களுக்கு நானும் அதையே எழுதுகிறேன்.

கச்சால் தீவில் சுனாமி வீட்டைக் கொண்டுபோன பிறகு அவள் குடும்பம் எங்கள் பக்கத்துச் சௌல்தாரிக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து கச்சாலில் குடியேறியவர்கள் என்பதால் அந்தத் தோட்டத்துப் பேச்சு அவர்கள் வீட்டில் மாறவே இல்லை. கோகிலா கணினி படித்துவிட்டு என்னோடு கூட்டாகப் பழுதுபார்க்கும் கடை போட்டாள். பாகங்களைக் கழற்றி மாட்டுவது என் வேலை; மென்பொருள் முழுக்க அவளுடையது.

ஒருநாள் ஷாதிபூரிலிருந்து சுப்பையா சார் வந்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலக்கை போய்விட்டது, இடக்கை நடுங்கும். பென்டிரைவ் வைரஸ் தொல்லை தாங்காமல் அவர் மடிக்கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தோம். இப்போது கடவுச்சொல்லை அடிக்க முடியவில்லை என்றார்.

"அதை எடுத்துடலாமே சார்?" என்றேன்.

"குளிக்க ஆள், சட்டை போட ஆள், சோறு ஊட்ட ஆள். மெயின்லேண்ட்ல இருந்து என் பொண்ணு எழுதறதையாவது நான் தனியா படிக்கக் கூடாதாம்மா?"

அந்த மடிக்கணினியின் ஓரத்தில் விரல்ரேகைக் கருவி இருந்தது. ஆனால் தயாரித்தவர்கள் அதை இயக்கும் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டுமே எழுதியிருந்தார்கள். லினக்ஸில் அது உயிரில்லாத சிறு பட்டை. கோகிலா அதைத் தடவிப் பார்த்தாள். "அவங்க எழுதாட்டி என்ன சார்? நாங்க எழுதலாம் தானே?"

லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓடவிட்டு, அதற்கும் கருவிக்கும் இடையே போய்வரும் செய்திகளை எல்லாம் பதிவு செய்தாள். பிறகு அதே கட்டளைகளைத் தன் நிரலிலிருந்து அனுப்பினாள். கருவி வாயே திறக்கவில்லை. வாரக்கணக்கில் இதே கதை. சாரின் கருவி நிரந்தரமாகக் கெட்டுவிடுமோ என்று நான் தினமும் கேட்டேன். ஒரு மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். "அக்கா, விண்டோஸ் ஒரு இடத்துல கொஞ்சம் நின்னு போகுது. நான் நிக்கவே இல்ல. பதில் சொல்ல விடாம கேட்டுக்கிட்டே இருந்தா யாருதான் பேசுவாங்க?" அந்த இடத்தில் சிறு இடைவெளி விட்டாள். கருவியின் பச்சை விளக்கு எரிந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது!

பட்டையின் மேல் விரலை இழுத்தால் ரேகை கீற்றுக் கீற்றாகத்தான் வரும். அவற்றை ஒட்டி முழுப் படமாக்க வேண்டும். ஒட்டும் முறை சரியா என்று பார்க்க விதவிதமான விரல்கள் தேவைப்பட்டன. மடிக்கணினியை மார்க்கெட்டுக்கே தூக்கிக்கொண்டு போனாள். மீன் விற்கும் வங்காளி அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அரே பேட்டி, ஏக் பார் அவுர்!" என்று இந்தியில் இன்னொரு தடவை கேட்டுக் கேட்டு விரலை இழுத்துப் பார்த்தார். ரேகை திரையில் தெளிந்தபோது மீன் வாங்க வந்தவர்களும் கைதட்டினார்கள். பார்த்து முடித்ததும் எல்லோருடைய ரேகைகளையும் அங்கேயே அழித்தாள். "இது அவங்க உடம்பு, நமக்கு எதுக்கு?" என்றாள்.

சுப்பையா சாரின் விரல் மட்டும் படியவில்லை. நடுங்கி நடுங்கி மெதுவாக நகர்ந்ததால் ஒரே கீற்று பலமுறை பதிவாகிப் படம் நீண்டு சிதைந்தது. "விடும்மா, என் கையி அவ்வளவுதான்" என்றார். கோகிலாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்க கையில ஒரு பிழையும் இல்ல சார். பிழை என் புரோகிராம்ல." திரும்ப வரும் கீற்றுகளைத் தள்ளிவிடும்படி நிரலை மாற்றி எழுதினாள். அடுத்த முறை சார் விரலை இழுத்ததும் திரை திறந்தது. அவர் அதைப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கம்மா" என்றார். இருவரும் சிரித்தபடி சுவரைப் பார்த்து நின்றோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் அவர் மகளின் கடிதத்தைப் படித்தார்.

நிரலை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவில் கொடுத்தாள். உலகின் ஏதோ மூலைகளில் இருந்து லினக்ஸை உருவாக்குபவர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இவள் திருத்தித் திருத்தி அனுப்பினாள். அப்போதைய நம் தீவு இணையத்தில் ஒரு படம் இறங்குவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆனாலும் எழுத்து மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. கடைசியில் அவர்கள் அதை லினக்ஸோடு சேர்த்துக்கொண்டார்கள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து நன்றி மடல்கள் வந்தன. "அக்கா, பிரேசில்ல ஒருத்தர் வீட்டுல நம்ம பச்சை விளக்கு எரியுதாம்!" என்று குதித்தாள்.

அவள் பொருள்களைத் தம்பி எடுத்துப் போய்விட்டான். அவள் பாதியில் விட்ட வேலையை நான் வைத்துக்கொண்டேன். புது வகை விரல்ரேகைக் கருவி ஒன்று. இன்னும் லினக்ஸில் யாராலும் இயக்க முடியாதது. நிரல் எழுதத் தெரியாத நான் அவள் எழுதியவற்றைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அது என் கட்டளைக்கு முதல் பதில் அனுப்பியது. ஒரே ஒரு வரி. அர்த்தம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பேசிவிட்டது, கோகிலா!